சாட்சி முட்டி

சங்குமுனை தெக்லாவின் இடது முட்டியின் மேல் ஆணையாகச் சொல்லப்படுகிறது: இதில் வருகிற ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒரு சிட்டிகை கூட்டவில்லை, ஒரு சிட்டிகை குறைக்கவில்லை. நம்பாதவர்கள் சங்குமுனைக்கே போய் விசாரித்துக்கொள்ளலாம். பஸ் உண்டு. வருமா என்பதற்கு மட்டும் ஆணை கிடையாது.

சர்க்கரை வியாதிக்கு மருந்து கண்டுபிடித்து, அந்த மருந்தையும் சர்க்கரை தின்று பழகிவிட்ட காலம் அது. சங்குமுனைக் கடற்கரை முழுக்கச் சிப்பி ஓடு. சர்க்கரைக் காலில் ஓடு கிழித்தால் ஆறாது. ஆறாத காலை டாக்டர்கள் வைத்திருக்க விடமாட்டார்கள். இப்படியே ஊரில் பாதிப் பேருக்கு ஒரு கால் போயிருந்தது. வலது கால் மட்டும் உள்ளவரும் இடது கால் மட்டும் உள்ளவரும் கூட்டுச் சேர்ந்து ஒரு ஜோடிச் செருப்பு வாங்குவது அங்கே வழக்கம். அளவு பொருந்திப்போய் அதில் இரண்டு கல்யாணம்கூட நடந்தது.

போன கால்களுக்குப் பதில் கால் கொடுத்தது செயற்கைக் கால் வாரியம். கறுப்புக் கால், நல்ல கால், கையில் எடுத்தால் காலிப் பானை கனம்கூட இருக்காது. மேல்பக்கம் ஒரு கிண்ணம். குறைக்கால் அந்தக் கிண்ணத்துக்குள் உட்காரும். உடம்பின் பாரத்தில் பெரும்பங்கு முட்டிச் சிப்பிக்குக் கீழே ஓடுகிற ஒரு நாணின் மேல் போய் இறங்கும். கால் இனாம் அல்ல, இரவல். வாங்கியவர் நடக்க வேண்டும். நடக்காவிட்டால் காலைப் பிடுங்கி வரிசையில் நிற்கிற அடுத்த ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். மேற்கே கருவேலங்குளத்தில் ஒருவர் வாரியத்துக் காலைத் தலைகீழாக நட்டு, அதில் மல்லிகைக் கொடி ஏற்றியிருந்தது தெரியவந்த பிறகு வந்த சட்டம் இது.

ஒருவர் நடந்தாரா இல்லையா என்று பார்க்க வருஷத்துக்கு ஒருமுறை ஸ்கேன். மிஷின் முட்டிக்குள் எட்டிப் பார்த்து, நாணின் நிலையை வாய்விட்டும் சொல்லும். எந்த தேசத்தில் அதற்குத் தமிழ் கற்றுக்கொடுத்தார்களோ, மூன்று சுழி ணகரம் அதன் நாக்கில் வரவில்லை, நாண் என்பது நான் ஆகிவிடும். "உங்கள் நான் தடித்திருக்கிறது" என்றுதான் எல்லாரிடமும் சொல்லும். முதல் வருஷம் ஸ்கேன் முடிந்தவர்கள் நேரே கோயிலுக்குப் போய், தலைக்கனம் பிடித்து அலைந்ததாகப் பாவசங்கீர்த்தனம் செய்தார்கள். இத்தனை பேருக்கு ஒரே நாளில் எப்படி மனந்திரும்பல் வந்தது என்று சாமியாருக்கே புரியவில்லை.

தெக்லா இறால் கம்பெனியில் வேலை பார்த்தாள். நின்றுகொண்டே உரிக்கிற வேலை. கால் எடுத்த பிறகு திரும்ப வேலை கேட்டுப் போனபோது சூப்பர்வைசர் ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார்: "நிக்க முடிஞ்சா வா தெக்லா. வாரியத்துக் காலோட வா, எவன் காலோடயும் வா. கக்கத்துல கம்பை வச்சுக்கிட்டு மட்டும் வராத. கம்பைப் பிடிச்ச கை இறால் உரிக்காது." அதனால் அவளுக்கு அந்தக் கால் என்பது கால் மட்டுமல்ல, இரண்டு கையும் அதுதான்.

இந்த வருஷ முகாம் மீன் ஏலக்கூடத்தில் நடந்தது. வாரியத்து ஆய்வாளர் திருமேனிநாதன் விருதுநகர்க்காரர், சாது. அவளைப் பெஞ்சில் படுக்க வைத்து, இடது முட்டியில் பசை தடவி, சோப்புக்கட்டி அளவில் இருந்த கருவியை வைத்து அழுத்தினார்.

"ஐயோ சார், இறாலுக்குப் போடுத ஐஸைவிட குளுருது."

"ஆடாதீங்கம்மா. இந்தா திரையில பாருங்க, கயிறு மாதிரித் தெரியுதா? அதுதான் உங்க நாண். கிண்ணம் அழுத்த அழுத்தத் தடிச்சிருக்கு. நடுவுல கறுப்பு கறுப்பா இருக்கே, நைஞ்ச இடம். செவப்பா மினுங்குறது புதுசா வந்த ரத்தக்குழாய். எல்லாம் நடந்ததுக்கு அடையாளம்."

"அப்ப நல்லதுதானே சார்?"

"நாணுக்குக் கெட்டது. உங்களுக்கு நல்லது. இப்ப வலது முட்டியைக் காட்டுங்க. அது சாட்சி."

"முட்டி என்ன சார் சாட்சி சொல்லப் போகுது?"

"இடது எவ்வளவு மாறியிருக்குன்னு சொல்லணும்னா, மாறாத ஒண்ணு பக்கத்துல வேணும்ல. கிண்ணம் அழுத்தாத முட்டி உங்ககிட்ட இருக்கிறது இது ஒண்ணுதான். ரெண்டுக்கும் எவ்வளவு வித்தியாசமோ, அவ்வளவு நடந்திருக்கீங்கன்னு கணக்கு."

வலது முட்டியில் கருவியை வைத்தார். திரையில் அதே கயிறு. அதே தடிமன், அதே கறுப்பு, அதே சிவப்பு மினுக்கம். திருமேனிநாதன் கருவியைத் துடைத்து மறுபடி வைத்தார். மிஷினுக்குச் சந்தேகம் எதுவும் இல்லை.

"உங்கள் நான் இரண்டு பக்கமும் ஒன்று. வித்தியாசம் இல்லை. நடை இல்லை."

"என்ன சார் சொல்லுது?"

"நீங்க நடக்கலைன்னு சொல்லுது."

"நடந்துதானே சார் இங்க வந்தேன்!"

"நான் பாத்தேன்மா. அது பாக்கலையே." திருமேனிநாதன் குரலைத் தாழ்த்தினார். "நீங்க முட்டி போடுவீங்களா?"

சங்குமுனையில் போய் ஒரு மனுஷியிடம் இப்படி ஒரு கேள்வி கேட்கலாமா?

கால் போன ஊரில் கடவுள் பயம் கூடத்தான் செய்யும். கொடிமரத்திலிருந்து பீடம் வரைக்கும் மணலில் முழந்தாளால் நடந்துவருவது சங்குமுனை மாதா கோயில் நேர்ச்சை. கத்தாரிலும் கனடாவிலும் இருப்பவர்கள் நேர்ந்துகொள்வார்கள், லீவு கிடைக்காது. வயதானவர்கள் நேர்ந்துகொள்வார்கள், முட்டி மடங்காது. அவர்கள் எல்லாருக்காகவும் தெக்லா நடந்தாள். கறுப்புக் காலைக் கழற்றிக் கொடிமரத்தில் சாய்த்து வைத்துவிட்டு மணலில் இறங்குவாள். மற்றவர்கள் அதைப் புண்ணியம் என்று நினைத்தார்கள். விஷயம் வேறு. முட்டியால் நடக்கிறவர்கள் நடுவில், யாருக்குக் கீழே கால் இருக்கிறது, யாருக்கு இல்லை என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. எல்லாரும் ஒரே உயரம். அந்த மணலில் மட்டும் அவள் ஒரு குறையும் இல்லாதவளாக இருந்தாள். அதற்காகவே பிறத்தியார் நேர்ச்சையை வலிய வாங்கிக்கொண்டாள்.

"போடுவேன் சார்," என்றாள் தெக்லா. "எனக்குக் கொஞ்சம். ஊருக்கு நெறைய."

"அதுதான். உங்க சாட்சி கெட்டுப்போச்சு." திருமேனிநாதன் யோசித்தார். "விதியில ஒரு வழி இருக்கு. சொந்தச் சாட்சி சரியில்லைன்னா, கூடப்பிறந்த பெண்ணோட முட்டியை வச்சு ஒப்பிடலாம். ஒரே ஒரு தடவைதான் சாட்சியை மாத்தலாம். முட்டி போடாத ஆளா இருக்கணும். யாராச்சும் இருக்காங்களா?"

இருந்தாள். சங்குமுனையிலேயே முட்டி போடாத ஒரே மனுஷி, தெக்லாவின் உடன்பிறந்த அக்கா சலேத்து. அடுத்த வீட்டுக்காரி. கோயிலுக்குள் அவள் கால் வைத்து வருஷக்கணக்காயிற்று. அதே அளவு காலமாகத் தெக்லாவோடு பேச்சும் இல்லை.

பேச்சு முறிந்தது ஆஸ்பத்திரியில். கால் எடுத்து மயக்கம் தெளிந்த தெக்லா, "மாதா கிட்ட முட்டி போட்டுக் கேப்பேன்க்கா" என்று அழுதபோது சலேத்து சொன்னாள்: "முட்டி போட்டா கால் முளைக்குமாக்கும்? முளைச்சா எனக்கும் ரெண்டு சேத்துக் கேளு, பூனை மாதிரி நாலு கால்ல ஓடுதேன்." வார்டே சிரித்தது. தெக்லா சிரிக்கவில்லை. "என் வாசல்ல இனி மிதிக்காத" என்றாள்.

அன்றிலிருந்து இரண்டு பேரும் கோழி வழியாகத்தான் பேசிக்கொண்டார்கள். இரண்டு வீட்டுப் பின்வாசலுக்கும் பொதுவாக ஒரு கோழி மேய்ந்தது. சொல்ல வேண்டியதைக் கோழியைப் பார்த்துச் சொல்வார்கள். காதில் விழ வேண்டியவர் காதில் விழும். இரண்டு பக்கமும் இத்தனை வசவைச் சுமந்த அலுப்பில் அந்தக் கோழி முட்டையிடுவதையே நிறுத்திவிட்டது. அதுவும் உண்மைதான்.

முகாமிலிருந்து திரும்பிய தெக்லா நேரே பின்வாசலுக்குப் போனாள். சுவருக்கு அந்தப்புறம் சலேத்து சாளை மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"ஏ கோழி," என்றாள் தெக்லா. "வாரியத்துல எனக்கு ஒரு முட்டி கேக்காவ."

"ஏ கோழி," என்றது சுவருக்கு அந்தப்புறம். "நீ முட்டை போட்டு மாசக்கணக்காச்சே. எங்க போய்க் கொடுப்ப?"

"கோழி முட்டை இல்ல, கால் முட்டி. கூடப்பிறந்தவ முட்டி. முட்டி போடாதவ முட்டி. அதைக் காட்டலன்னா என் காலப் பிடுங்கிருவாவளாம்."

அரிவாள்மணைச் சத்தம் நின்றது.

"அதெல்லாம் காட்ட முடியாதுன்னு சொல்லு கோழி."

"ஏனாம்?"

"முடியாதுன்னா முடியாது. ஆம்பளை முன்னால சேலையைத் தூக்கிட்டுப் படுக்கணுமாக்கும்?"

"நான் படுக்கலையா? இறால் கம்பெனில நின்னுதான் நான் கஞ்சி குடிக்கேன். அந்தக் காலும் போச்சுன்னா, கம்பை ஊனிக்கிட்டு இவ வாசல்லதான் வந்து நிப்பேன்னு சொல்லு. கஞ்சி ஊத்துவாளான்னு கேளு."

கோழி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது.

"ஊத்துவேன்னு சொல்லு," என்றாள் சலேத்து. குரல் ஒரு மாதிரி இருந்தது. பிறகு, "எத்தனை மணிக்கு வரணும்னு கேளு."

தெக்லாவுக்கு அன்று சோறு இறங்கியது. அக்காவின் முட்டியில் அவளுக்கு இருந்த நம்பிக்கை மாதாவின் மேல்கூட அன்றைக்கு இல்லை. திமிர் பிடித்த முட்டி. பீடத்துக்கு முன்னாலும் மடங்காத முட்டி. ஊரில் வேறு யாரிடம் கிடைக்கும் அப்படி ஒரு சாட்சி?

மறுநாள் காலை ஏலக்கூடத்துக்கு இருவரும் ஒரே தெருவில், ஆளுக்கொரு ஓரமாக நடந்துபோனார்கள். சலேத்து பெஞ்சில் படுத்ததும் சேலையை முட்டிவரைக்கும், அதற்கு மேல் ஒரு நூல்கூட ஏறாமல், தூக்கினாள். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். திருமேனிநாதன் பசை தடவிக் கருவியை வைத்தார்.

மிஷின் எடுத்த எடுப்பிலேயே சொன்னது: "உங்கள் நான் மிகவும் தடித்திருக்கிறது."

தெக்லாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "பாத்தியளா சார், ஊருக்கே தெரிஞ்சது மிஷினுக்கும் தெரிஞ்சுபோச்சு!"

திருமேனிநாதன் சிரிக்கவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தெக்லாவும் பார்த்தாள். இதற்குள் அவளுக்கும் படம் பார்க்கப் பழகியிருந்தது. தடித்த கயிறு. கறுப்புப் பொத்தல்கள். சிவப்பு மினுக்கம், அவளுடையதைவிட அதிகமாக.

"நீங்க முட்டி போடுவீங்களாம்மா?" என்று கேட்டார் அவர்.

"தரை துடைப்பேன்," என்றாள் சலேத்து சுவரைப் பார்த்து.

"தரை துடைக்கிற முட்டி நகர்ந்துக்கிட்டே இருக்கும்மா. பாரம் கைக்கும் போகும். இது அப்படி வந்ததில்லை. ஒரே இடத்துல, கெட்டித் தரையில, ரொம்ப நேரம் அசையாம நின்ன முட்டி. தினமும் நின்னிருக்கு."

"அப்ப ஒங்க மிஷினு பொய் சொல்லுது."

"மத்ததுல சொல்லும். இதுல சொல்லாது."

ஏலக்கூடத்தில் மீன் இல்லாத நேரம், ஈகூட இல்லை. சலேத்து எழுந்து உட்கார்ந்தாள். பசையைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். தங்கச்சியைப் பார்க்காமல் மிஷினைப் பார்த்துப் பேசினாள்.

"ஏ மிஷினு. அவகிட்டச் சொல்லு. அன்னைக்கு ஆஸ்பத்திரில வாய் தவறிச் சொல்லிட்டேன். சொன்னதைச் சொன்ன வாயால திருப்பி எடுக்கத் தெரியல. முட்டியால எடுக்கலாமான்னு பாத்தேன். கோயிலுக்கு வந்தா இவ பாத்துருவா, ஊரு சிரிக்கும். அதான் அடுக்களைல, கதவைச் சாத்திக்கிட்டு."

தெக்லாவும் மிஷினைத்தான் பார்த்தாள். "ஏ மிஷினு. என்ன கேட்டு முட்டி போட்டான்னு கேளு."

"வேற என்ன கேப்பேன்? கால் முளைக்கணும்னுதான்."

"முட்டி போட்டா கால் முளைக்குமாக்கும்?"

"முளைக்காதுன்னு தெரியும்லா. தெரிஞ்சுதான் கேட்டேன். தெரியாமக் கேட்டுக்கிட்டு இருக்க நான் என்ன இவளை மாதிரி மட்டியா?"

தெக்லா வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று திருமேனிநாதனுக்குத் தெரியவில்லை. அவர் சுவிட்சை அணைக்கக் கையை நீட்டினார். அதற்குள் பேச்சுச் சத்தம் ஓய்ந்திருந்தது. மிஷின் அதற்காகத்தான் காத்திருந்ததுபோல வாயைத் திறந்தது.

"சாட்சி ஏற்றுக்கொள்ளப்பட்டது. மனுதாரர் நானும் சாட்சி நானும் ஒன்று. வித்தியாசம் இல்லை. நடை இல்லை."

"இன்னொரு தடவை எடுங்க சார்," என்றாள் சலேத்து. அதுவரை யாரிடமும் கெஞ்சிப் பழகாத குரல். "ஒரு மாசம் கழிச்சு எடுங்க. நான் முட்டியே போட மாட்டேன். நாற்காலில உக்காந்தே இருக்கேன்."

"சாட்சியை ஒரு தடவைதான் மாத்தலாம்மா. முடிவு தலைமையகத்துக்குப் போயிருச்சு."

"நான் வேணா பொய்ச்சாட்சின்னு எழுதிக்கங்க. ஜெயிலுக்குப் போறேன்."

"பொய்ச்சாட்சி சொல்லியிருந்தா நீங்க தங்கச்சியக் காப்பாத்தியிருக்கலாம்மா," என்றார் திருமேனிநாதன். "உங்க முட்டி உண்மையைச் சொல்லிருச்சு."

தெக்லாவின் காலை அவரே குனிந்து கழற்றினார். மெதுவாகத்தான் கழற்றினார். கிண்ணத்துக்குள் இன்னும் சூடு இருந்தது. அதை ஒரு துணியால் துடைத்து, வரிசையில் அடுத்து இருந்தவருக்கு அன்றைக்கே அனுப்பினார்கள். அடுத்து இருந்தவர் கருவேலங்குளத்து மல்லிகைக்காரர். கொடி ஏற்றிய முதல் காலை வாரியம் பிடுங்கியபின் புத்திசாலித்தனமாகப் புதுக் கால் ஒன்று மனுப்போட்டு வாங்கி, தினமும் காலையில் காப்பி குடித்துக்கொண்டே இடது முட்டியை அம்மிக்குழவியால் அழுத்தி வந்தார். இரண்டு முட்டிக்கும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்குமாக இருந்தது. இவ்வளவு நடந்தவருக்கு ஒரு கால் போதாது, தேய்மானத்துக்கு இன்னொன்று கொடுங்கள் என்று வாரியம் பரிந்துரைத்திருந்தது. தெக்லாவின் கால் அங்கே போனது. கொடி இப்போது நன்றாகப் படர்ந்திருக்கிறது, பூவும் நல்ல வாசம்.

அக்காவும் தங்கச்சியும் வீடு திரும்பியபோது இறால் கம்பெனிச் சங்கு ஊதியது. தெக்லா அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டினாள். தெருவில் இருந்தவர்கள், பேசாத இரண்டு பேர் ஒட்டிக்கொண்டு வருவதைப் பார்த்து, ஏதோ நல்ல காரியம் நடந்திருக்கிறது என்று நினைத்தார்கள். பாதி வழியில் தெக்லாவின் வலது கால் சோர்ந்துபோயிற்று. உட்கார அங்கே எதுவும் இல்லை. அவள் அப்படியே முட்டியில் இறங்கினாள். தார்ச் சாலை, மணல் இல்லை. சலேத்து கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்று பார்த்தாள். பிறகு அவளும் இறங்கினாள். மீதித் தெருவை அப்படித்தான் கடந்தார்கள். இரண்டு பேரும் ஒரே உயரம்.

"இனி நீ போட வேண்டாம்க்கா," என்றாள் தெக்லா வாசலில். கோழி அருகில் இல்லை, நேராகத்தான் சொன்னாள். "கேட்டது கெடைக்கல. இருந்த காலும் போச்சு."

"தெரியும்ளா."

"பொறவு எதுக்கு?"

"எந்திரிக்க முடியல," என்றாள் சலேத்து. "பழகிப்போச்சு."

அன்று சாயங்காலமும் அடுக்களையில் முட்டி போட்டாள். இந்தத் தடவை கதவைச் சாத்தவில்லை. தெக்லா கஞ்சியை முன்னால் வைத்துக்கொண்டு, குடிக்காமல், அக்காவின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுநாள் கம்பெனியில் அவள் இடத்தில் வேறொருத்தி நின்று இறால் உரித்தாள்.

சங்குமுனை ஆஸ்பத்திரியில் தெக்லாவுக்குக் கால் எடுத்தது தொடையின் நடுவில். முதலில் ஆணையிட்ட இடது பக்கம் அவளுக்கு முட்டியே கிடையாது.